பயம் என்று எழுதியவள்

அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் அவளைப் பேச்சு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி மருந்து ஏற்றுகிறவர் ஊசி டாக்டர், கதிர் வைக்கிறவர் கரண்ட் டாக்டர், இவள் பேச்சு டாக்டர். கேலியாக ஆரம்பித்த பெயர். நாளடைவில் அவளே தொலைபேசியை எடுத்து "பேச்சு டாக்டர் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியாகிவிட்டது. ஆனால் புற்றுநோய் வந்த பெரியவர்களின் மனதைப் பார்த்துக்கொள்ள அது மட்டும் போதாது. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் இன்னும் இரண்டு வருடம் மருத்துவமனையிலேயே பழக வேண்டும். அவள் அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

"என் பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கிட்டான்னு தெரு முழுக்கச் சொல்லிவச்சிருக்கேன். இப்பப் போய் மறுபடியும் பயிற்சின்னா நான் என்னடி சொல்றது? ஃபெயிலாயிட்டன்னு நினைக்க மாட்டாங்க?"

"பாஸானதுனாலதாம்மா பயிற்சி."

"பாஸானா வேலைதானே குடுப்பாங்க. பாஸானவளை மறுபடியும் பெஞ்சுல உக்கார வைக்கிறதை நான் எங்கயும் பார்த்ததில்லை."

உட்கார வைத்த இடம் பெஞ்சு அல்ல. படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய அறை. ஜன்னல் கிடையாது. எவ்வளவு துடைத்தாலும் சோப்புத்தூள் வாசம் போகாது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. சுவர்க்கடிகாரத்தை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். அழுகிறவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு மணிக்கட்டைப் பார்க்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் மரியாதை.

மற்றதெல்லாம் அதைவிடக் கஷ்டமான பாடங்கள். "எல்லாம் சரியாயிடும்" என்று வாய்வரை வருவதை விழுங்கப் பழக வேண்டும். நோயாளி சம்மதித்தால் பேச்சைப் பதிவு செய்து, வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் போட்டுக் கேட்டு, தான் எங்கே அவசரப்பட்டோம் என்று தானே சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் சிக்கலானது ஒன்று உண்டு. தூக்கமில்லை, பசியில்லை, உடம்பில் தெம்பில்லை என்று ஒருவர் வெளியே சொன்னால் மனச்சோர்வு என்று எழுதிவிடலாம். இங்கே அதில் பாதி நோயின் வேலை, மீதியில் பாதி மருந்தின் வேலை. எது உடம்பு, எது மனசு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

ரோஷக்காரி என்றும் பெயர் உண்டு. வந்த புதிதில் நடைபாதையில் ஒரு பெரிய சுவரொட்டி இருந்தது. பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். கீழே, "மன உறுதி இருந்தால் புற்றுநோய் தோற்கும்". நிர்வாக அலுவலகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"மன உறுதி இருந்தவங்கதான் பிழைச்சாங்கன்னா, செத்துப்போனவங்க எல்லாம் கோழைங்களா? அவங்க பிள்ளைங்க இந்த வழியாத்தான் சார் பிணத்தை வாங்க வர்றாங்க."

சுவரொட்டி இறங்கியது. நோய் செல்லில் இருக்கிறது, குணத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் அவள். அதை மனதில் வைத்துக்கொண்டால்தான், பிறகு நடந்தது எவ்வளவு கொடுமை என்பது புரியும்.

தையல்காரம்மாவை அவளிடம் அனுப்பியவர் ஊசி டாக்டர். நாற்பதைத் தாண்டிய பெண், ஒரு மகளுக்குத் தாய். வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். மார்பில் கட்டி, அறுவை முடிந்து, மிச்சம் மீதி எங்கும் ஒளிந்திருக்கக் கூடாது என்று ஆறு சுற்று மருந்து ஏற்ற முடிவாகியிருந்தது. முதல் சுற்று எப்படியோ போனது. இரண்டாவதில் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். ட்ரிப்ஸ் கம்பியை உருட்டிக்கொண்டு அறை முழுக்க நடந்தார். நர்ஸ் அதட்டி உட்கார வைத்தால் எழுந்தார். கடைசியில் ஊசியைத் தானே பிடுங்கிவிட்டார். ஊசி டாக்டர் ஒரு வரி எழுதி அனுப்பினார்: "அதிகப் பதற்றம். பேசிப் பார்க்கவும்."

"உக்காருங்கம்மா."

"நின்னுக்கறேனே."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"உக்காந்தா உள்ள யாரோ பிடிச்சு உலுக்குற மாதிரி இருக்கு டாக்டர். எழுந்து நடந்தாக் கொஞ்சம் தேவலை. நடந்துக்கிட்டே இருந்தா உக்காரணும்போல இருக்கு. என்னைத் தோலைவிட்டு வெளிய எடுத்துப் போட்டாத் தேவலைன்னு தோணுது."

"எப்பலேருந்து?"

"ஊசி ஆரம்பிச்சதுலேருந்து. வீட்லயும் இப்படித்தான். எங்க வீட்டுக்காரர், நீ நடக்கிற நடைக்குத் தபால் வேலை வாங்கிக் குடுக்கலாம்னு சொல்றார்."

"வாந்தி, மயக்கம்?"

"வாந்தி ஒரு தடவைகூட இல்லை. அதுக்குக் குடுத்த மாத்திரை நல்லா வேலை செய்யுது. வேளை தவறாமப் போட்டுக்கறேன்."

வற்புறுத்தலுக்காக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தன. குதிகால் ஊன்றி விரல் எழும்பும்; விரல் ஊன்றிக் குதிகால் எழும்பும். மிதிபலகையை மிதிப்பது போலவே இருந்தது.

பேச்சு டாக்டரின் மனதில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. இந்தப் பெண்ணின் உயிரே மெஷினில் இருக்கிறது. நோய் அதை நிறுத்திவிட்டது. சாவுபயத்தை வாய் சொல்ல மறுக்கிறது, கால் சொல்கிறது. கால் நின்றால் தானும் நின்றுவிடுவோம் என்று இவர் பயப்படுகிறார்.

எவ்வளவு அழகான விளக்கம். கட்டுரையாக எழுதலாம். அதுதான் ஆபத்து. படித்தவர்களுக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டால் காரணத்தைத் தேடும் பொறுமை போய்விடுகிறது.

"மெஷின் ஞாபகமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தையல்காரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. யாருக்குத்தான் நிறையாது? மூன்று மாதமாகத் தொழில் இல்லாதவரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் அழத்தான் செய்வார். அந்த அழுகையைத் தன் விளக்கத்துக்கு விழுந்த முத்திரை என்று எடுத்துக்கொண்டாள் பேச்சு டாக்டர்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். பயத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னாள். தையல்காரம்மா ஒரு நல்ல மாணவியைப் போல எல்லாவற்றையும் செய்தார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டியபோது, மேற்பார்வை பார்க்கும் மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கால் வழியாப் பேசுற பயம். நல்லாப் பிடிச்சிருக்கே" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவரவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். எந்தெந்த மருந்து போகிறது என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மூன்றாவது சுற்றில் நிலைமை மோசமானது. தையல்காரம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான்காவதற்கு வரவில்லை. கூப்பிட்டு அனுப்பியதும் வந்து, வாசலிலேயே நின்றபடி சொன்னார்.

"இனிமே வேணாம் டாக்டர். செத்தாலும் பரவாயில்லை. நீங்க சொன்ன மாதிரி மூச்சு விட்டுப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை போலிருக்கு."

சிகிச்சையை மறுக்கிறவருக்குச் சுயபுத்தி இருக்கிறதா என்று பார்த்து எழுதுவதும் பேச்சு டாக்டரின் வேலை. எழுதினாள்: புத்தி தெளிவாக இருக்கிறது, மறுப்புக்குக் காரணம் பயம், மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு பெண்ணின் உரிமைக்காக ஊசி டாக்டரோடு வாதாடிவிட்டு வந்ததாகக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சில வாரம் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தாள். கால் ஆட்டம் நின்றுவிட்டது, நன்றாகத் தூங்குகிறேன் என்றார் தையல்காரம்மா. சிகிச்சை நின்றதும் பயமும் நின்றுவிட்டது என்று இவள் முடிவு கட்டினாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

மழை வந்து போனது. தனியறைப் பகுதியில் ஒரு கட்டட கான்ட்ராக்டர் சேர்ந்தார். குடலில் புற்று. அவருக்கு நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் மனைவி கெஞ்சினார். அது பற்றிப் பேசத்தான் பேச்சு டாக்டர் அங்கே போனாள். கதவைத் திறந்தால், கான்ட்ராக்டர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்; இரண்டு பாதமும் மேலும் கீழும் ஆடின. மறுபடி எழுந்தார்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்த மனிதர் பிறந்ததிலிருந்து தையல் மெஷினைத் தொட்டிருக்க மாட்டார்.

அதற்குள் ஊசி டாக்டர் வந்தார். கான்ட்ராக்டர் விடவில்லை. "என்னய்யா ஏத்துனீங்க? ஊசிக்கு முன்னாடி நான் மனுஷனாத்தான்யா இருந்தேன். உக்கார முடியலை, படுக்க முடியலை. இன்னிக்கு இதைச் சரி பண்ணலைன்னா நான் வேற ஆஸ்பத்திரி பார்த்துக்கறேன்."

"பதறாதீங்க சார். வாந்தி மருந்து உங்களுக்கு ஒத்துக்கலை. மாத்திடறேன்." நர்ஸிடம் இரண்டு வரி சொன்னார். அவ்வளவுதான். மறுநாள் கான்ட்ராக்டர் கல் மாதிரி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

பேச்சு டாக்டர் தையல்காரம்மாவின் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஊசி டாக்டரை நடைபாதையில் மறித்தாள்.

"வாந்தி மருந்துக்குக் கால் இப்படி ஆடுமா சார்?"

"சிலருக்கு ஆடும். உள்ளுக்குள்ள தரிக்க விடாது. எல்லாப் புத்தகத்துலயும் இருக்கே."

"தையல்காரம்மாவுக்கும் அதே மருந்துதான் போச்சு."

"எந்தத் தையல்காரம்மா?"

"ஊசியைப் பிடுங்கிப் போட்டாங்களே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்தம்மா பயந்த சுபாவம். நீங்கதானே எழுதினீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் வஞ்சம் எதுவும் இல்லை. அதனால்தான் அது அறைந்தது. அவர் அனுப்பியபோது எழுதிய வார்த்தையை இவள் கையெழுத்துப் போட்டு உண்மையாக்கியிருந்தாள். இப்போது அவர் அதையே சாட்சியாகக் காட்டுகிறார். ஓர் ஆண் உட்கார முடியவில்லை என்றால் மருந்தைப் பார்க்கிறார்கள். ஒரு பெண், அதுவும் கையில் காசில்லாத பெண், உட்கார முடியவில்லை என்றால் மனதைப் பார்க்கிறார்கள். அந்த மனதைப் பார்ப்பதற்கென்று ஒருத்தியைப் பட்டம் கொடுத்து, பயிற்சி கொடுத்து, விரிப்பு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இவள் இல்லாமல் இருந்திருந்தால்கூட, யாராவது ஒருவர் வேறு வழியில்லாமல் மருந்துச்சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

மேடத்திடம் போனாள். மேடம் முழுவதையும் கேட்டார்.

"நானும்தான் தலையாட்டினேன்" என்றார் கடைசியில். "கூப்பிட்டு விடு. ஆனா புது மருந்து வந்திருக்கு, இப்ப ஒத்துக்கும்னு சொல்லு. அவங்களுக்கும் நிம்மதி."

"நம்ம தப்புன்னு சொல்லாமயா?"

"சொன்னா என்ன கிடைக்கும்? உன் பயிற்சி முடியற நேரம். எல்லார் பேரும் இழுபடும். அவங்க திரும்ப வரணும், அதுதானே முக்கியம்?"

"அவங்களே தன்னைக் கோழைன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க மேடம். அதுக்கு மருந்து நான் வச்சிருக்கேன். குடுக்காம எப்படி இருக்கிறது?"

மேடம் தடுக்கவில்லை.

தையல்காரம்மாவின் வீடு ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மெஷின்தான். அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி, மேலே துணி மூட்டையை அடுக்கியிருந்தார்கள். நாத்தனார் கதவைத் திறந்தார். கணவர் வேன் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தையல்காரம்மா சுவரோரம் சாய்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். கால் அசையாமல் இருந்தது.

"வாங்க பேச்சு டாக்டர்" என்றார் நாத்தனார். "இன்னும் என்ன பேசப் போறீங்க? நீங்க பேசினதுக்கு அப்புறம்தான் இவ வேணவே வேணாம்னுட்டா."

"மெஷினை ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

"மனசு சரியில்லாதவ கையில கத்தரிக்கோலைக் குடுக்க முடியுமா? சுவத்துல மண்டையை முட்டினவ. ஏதாவது ஆச்சுன்னா எங்களைத்தானே கேப்பாங்க."

"யார் சொன்னா மனசு சரியில்லைன்னு?"

"நீங்கதான்" என்றார் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "வேற யாரு?"

பேச்சு டாக்டர் தரையில் உட்கார்ந்தாள். தையல்காரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வாந்தி நிற்கக் கொடுத்த மருந்துதான் உங்கள் காலை ஆட்டியது. உங்கள் மனசு அல்ல. அதை மாற்றியிருந்தால் ஒரே நாளில் நின்றிருக்கும். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பயம் என்று எழுதினேன். தப்பு என்னுடையது, டாக்டருடையது. உங்களுடையது அல்ல.

கீழே கடையில் எதையோ தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப இவ அடம் பிடிக்கலையா?" என்று கணவர் கேட்டார்.

"இல்லை."

"நான் என்னென்ன பேசியிருக்கேன்" என்று தட்டைத் தள்ளிவைத்தார்.

தையல்காரம்மா மெல்லச் சிரித்தார். "ஊசியை விட்டதும் மாத்திரையையும் விட்டுட்டேன். கொஞ்ச நாள்ல கால் நின்னுடுச்சு. உங்க மூச்சுப் பயிற்சிதான் கடைசியில பலிச்சுதுன்னு நினைச்சேன் டாக்டர். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக்கூடச் சொல்லிக் குடுத்தேன்."

அந்த வார்த்தையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எந்தப் பயிற்சியிலும் இடம் இல்லை. அவள் உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் எழுந்து போய்த் துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கத்தரிக்கோலை எங்கிருந்தோ எடுத்து வந்து மெஷின்மேல் வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "துரு ஏறியிருக்கான்னு பாரு" என்று மட்டும் சொன்னார்.

தையல்காரம்மா மருத்துவமனைக்கு வந்தார். மருந்தைத் திரும்ப ஏற்றும் முன் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் புள்ளிகள் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல.

இனி ஏற்றப்போவது வேறு மருந்து, நோக்கமும் வேறு. குணமாக்க அல்ல, நாளைக் கொஞ்சம் நீட்ட. ஊசி டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். இந்தத் தடவை வாந்திக்கு வேறு மருந்து எழுதியிருந்தார். தையல்காரம்மா நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பேச்சு டாக்டர் பக்கத்தில் இருந்தாள். ஃபைலில் தான் எழுதியதைக் காலையிலேயே அடித்து, உண்மையான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். வியாழக்கிழமைக் கூட்டத்திலும் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்னு கேக்கணும்" என்றார் தையல்காரம்மா. "மறைக்கக் கூடாது."

"கேளுங்க."

"அப்பவே மாத்தியிருந்தா, இந்தப் புள்ளி வந்திருக்குமா?"

இப்படிப்பட்ட கேள்விக்குச் சொல்லும் விதங்கள் உண்டு. "அப்படி நினைக்கும்போது உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்கலாம். "அது யாராலும் சொல்ல முடியாது" என்று பாதி உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். இரண்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆறையும் போட்டவங்களுக்கும் சிலருக்கு வருது. ஆனா மாத்தியிருந்தா நீங்க ஆறையும் போட்டிருப்பீங்க. போட்டிருந்தா வராம இருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சு. அந்த வாய்ப்பை நாங்க பறிச்சுட்டோம்."

தையல்காரம்மா தலையை அசைத்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கவில்லை.

"உண்மையைச் சொன்னீங்க" என்றார். "அதுக்காக உங்களை எனக்குப் பிடிச்சுடுமா?"

"வேண்டியதில்லைம்மா."

"பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. எங்க வீட்டுக்காரர் ராப்பகலா ஒரே அழுகை. யார்கிட்டயாவது இதையெல்லாம் பேசணும் எனக்கு. பேசலைன்னா நெஞ்சு வெடிச்சிடும்." நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட இல்லை. உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு என்னால முடியாது. வேற ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களை அனுப்புங்க. நீங்க வராதீங்க."

"சரிம்மா."

அவள் எழுந்தாள். தன்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் யார் பொறுமைசாலி, யார் சீக்கிரம் விளக்கம் சொல்லிவிடாதவர் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினாள். ஒரு தோழியைப் பிடித்தாள். தையல்காரம்மாவுக்கு ஏறும் மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகளுக்கு என்ன வயது என்று சொன்னாள். நாத்தனாரையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசு என்றாள். கால் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் அந்தத் தோழி கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"முதல்ல அவங்ககிட்டப் போ" என்றாள் பேச்சு டாக்டர். "தனியா உக்காந்திருக்காங்க."